துளையியல்: நான்கு நூற்பாவும் உரையும்

இந்நூல் என் நுதலிற்றோ எனின், சர்வர் கண்காணிப்பு கிராஃபில் ஓடிக்கொண்டிருக்கும் கோட்டின் நடுவே திடீரென விழும் வெள்ளைத் துளையின் இலக்கணம் உணர்த்துதல் நுதலிற்று. பயன் யாதோ எனின், காலையில் வந்ததும் "ராத்திரி சர்வர் படுத்துடுச்சா?" என்று கேட்கும் மேலாளருக்கு விடை கூறல். எடுத்துக்கொண்ட கருவி முனின். அது எண்களைச் சேமிப்பது டோபியாஸ் ஓட்டிகர் 1999-இல் வெளியிட்ட ஆர்ஆர்டிடூலில்.

1. சுழியும் இன்மையும் ஒன்றல என்ப.

சுழியாவது கேட்டதற்குக் கிடைத்த விடை: கடை திறந்திருந்தது, வியாபாரம் இல்லை. இன்மையாவது விடையே வராமை: கடை திறந்ததா என்பதே தெரியாது. சர்வரில் அளவெடுத்துச் சொல்லும் பிளகின், எண் சொல்ல இயலாதபோது 'யூ' என்னும் ஓரெழுத்தைத் தரும். ஆர்ஆர்டிடூல் அதனை 'எண் அல்லாதது' எனக் குறித்துக்கொள்ளும். 1985-இல் வந்த ஐ-டிரிபிள்-ஈ 754 தரவிதிப்படி இவ்வெண்ணல்லாதது தனக்குத் தானே சமமாகாது. அத்வைதிக்கும் இங்கே வேலை இல்லை. முனின் 5 நிமிடத்துக்கு ஒருமுறை கேட்கும். இரு அளவுகளுக்கு இடையே 600 விநாடிக்கு மேல் கடந்தால் இடைப்பட்ட காலம் முழுதும் இன்மையே. ஆதலின் துளையைச் சுழியால் நிரப்புவோரும், இரு கரையையும் கோடிழுத்து இணைப்போரும் பொய்ச்சான்று உரைப்போர் ஆவர்.

2. ஒருபடத் துளையும் ஒருபொறித் துளையும்
ஊர்முழுத் துளையுமெனத் துளைமூன் றாகும்.

சிபியு, மெமரி படங்கள் நன்றாயிருக்க, மைஎஸ்க்யூஎல் படத்தில் மட்டும் துளை விழுவது ஒருபடத் துளை. குற்றம் பிளகினுடையது: பாஸ்வேர்ட் மாறியிருக்கும், பர்மிஷன் போயிருக்கும், அல்லது பதில் சொல்வதற்குள் டைம்அவுட் ஆகியிருக்கும்.

ஒரு சர்வரின் எல்லாப் படங்களிலும் ஒருங்கே விழுவது ஒருபொறித் துளை. சர்வரில் அமர்ந்து விடை சொல்லும் நோடு நின்றிருக்கும், அல்லது ஃபயர்வால் அது கேட்டுநிற்கும் 4949 போர்ட்டை அடைத்திருக்கும், அல்லது கேள்வி கேட்கும் மாஸ்டரின் ஐபி மாறியும் நோடின் 'அலவ்' வரி பழைய முகவரிக்கே விசுவாசமாக இருக்கும். சர்வரோ இது எதுவும் அறியாது தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடும்.

எல்லாச் சர்வர்களிலும் ஒரே நிமிடத்தில் விழுவது ஊர்முழுத் துளை. அத்தனை சர்வரும் ஒருங்கே மாண்டு ஒருங்கே உயிர்த்தெழுதல் அரிதாகலின், தூங்கியது காவலன் என்க. மாஸ்டரில் க்ரான் ஓடவில்லையா, டிஸ்க் நிரம்பிற்றா, கடிகாரம் பின்னே போயிற்றா என்று நோக்குக. கடைசியாக எழுதிய நேரத்துக்கு முந்தைய நேரத்தோடு வரும் அளவை ஆர்ஆர்டிடூல் ஏற்காது.

புறனடை: எஸ்என்எம்பியில் பைட்டுகளை எண்ணும் 32-பிட் கவுண்டர், 1 ஜிபிபிஎஸ் இணைப்பு நிரம்பி ஓடினால், சுமார் 34 விநாடியில் ஒருமுறை சுற்றிவிடும். 5 நிமிடத்துக்கு ஒருமுறை கேட்பவனுக்கு எத்தனை சுற்று என்று தெரியாது. கிராஃபோ துளையின்றி, அழகாக, தவறாக ஓடும். துளையினும் இது கொடிது. 64-பிட் கவுண்டரைக் கேட்பதே மருந்து.

3. கேட்போன் நின்ற இடம்நின்று கேட்க.

சர்வருக்குள் நுழைந்து பார்த்து, "எங்க பக்கம் எல்லாம் ஓகே" என்பது சர்வர் டீம் மதம். "பிங் போகுதே!" என்பது நெட்வொர்க் டீம் மதம். இரண்டும் பொருந்தா. என்னை? பிங் செல்வது ஐசிஎம்பியில். முனின் கேட்பது டிசிபியில். முன்னதை விட்டுப் பின்னதைத் தடுத்தல் ஃபயர்வாலுக்கு இயல்பு. மாஸ்டரில் நின்று டெல்நெட் வழியாக நோடின் 4949-க்குச் சென்று 'லிஸ்ட்' என்றும் 'ஃபெட்ச்' என்றும் கேட்டால் எண் வரும், அல்லது வராது. இரு டீமின் வாதமும் அத்தோடு முடியும். பிளகினை ரூட்டாக ஓட்டிப் பார்த்து மகிழ்தலும் வழு. நோடு அதனை வேறொரு யூசராக ஓட்டக்கூடுமாதலின், முனின்-ரன் கொண்டே ஓட்டிப் பார்க்க.

"ரீஸ்டார்ட் பண்ணிட்டா சரியாயிடும்" என்பாரும் உளர். ஆகும், அடுத்த வாரம் மறுபடியும் ஆகும். முதலில் லாகைப் படித்தல் மரபு.

4. காலம் செல்லின் இன்மையும் இலதாம்.

வருடப் படத்துக்கென முனின் ஒரு நாளின் 288 அளவுகளையும் ஒரே சராசரியாகச் சுருக்கும். அவற்றுள் பாதிவரை இன்மையாயினும், இருப்பதைக் கொண்டு சராசரி காண்பது விதி. ஆகவே தினப் படத்தில் 11 மணி நேரம் வாய்பிளந்து கிடந்த துளை, வருடப் படத்தில் தடமின்றி மூடிக்கொள்ளும். இதனால், துளையின் காரணம் தேடுவோர் தினப் படத்தையும், பதவி உயர்வு தேடுவோர் வருடப் படத்தையும் மேலாளருக்குக் காட்டுக என்பது பெறப்பட்டது.