ஆப்ப சோடா வைத்தியம்

வாடா பேராண்டி. நேத்து சைடு கவரைச் சணல் கயித்துல கட்டிக்கிட்டுப் போனியே, அது வண்டியா, சந்தைக்குப் போற கெடாவா? ஒத்த லாக்கு ஒடிஞ்சதுக்குப் புதுக் கவர் வாங்கப் போறியாம்ல? வாங்கு, வாங்கு. உங்கப்பன் சம்பாத்தியம்தானே, எனக்கென்ன வலிக்குது?

அதுக்கு முந்தி கவரைக் கழட்டி உள்பக்கம் பாரு. குட்டியா இங்கிலீசு எழுத்து தெரியும். காலேசுல படிச்சவன், நீயே வாசி. பிபின்னு இருந்தா பசை ஒட்டாது. எண்ணெய் தடவுன வழுக்குமரம் மாதிரி வழுக்கிரும். அதுக்கு சால்ட்ரிங் ராடுல ஸ்டேப்ளர் பின்னைச் சுட்டு, விரிசலுக்குக் குறுக்கே தையல் போட்ட மாதிரி அமுக்கணும். ஏபிஎஸ்னு இருந்தா நீ பொழச்சே.

ஒடிஞ்ச துண்டைத் தொலைக்காம வச்சிருக்கியா? ஆச்சரியம்தான். சோப்புப் போட்டுக் கழுவிக் காயவை. உப்புத்தாள்ல தேய்ச்சு ரெண்டு பக்கமும் சொரசொரப்பாக்கு. பெட்டிக்கடையில அட்டையில தொங்குதே பெவிக்விக், அதுல ஒரு சொட்டு விட்டு நேரா நிறுத்து. பெறகு அடுப்படிக்குப் போயி, பாட்டி அசந்த நேரம் ஆப்ப சோடாவைக் கிள்ளிக்கிட்டு வா. அடியைச் சுத்தித் தூவி, மேல இன்னொரு சொட்டு விடு. சோடாவோட காரம் பட்டதும் பசை சுர்ருன்னு சூடேறி, கண்ணை மூடித் தொறக்குறதுக்குள்ள கல்லாயிரும். மூணு அடுக்கு போட்டு, ராத்திரி பூரா விட்டுட்டு, காலையில அரத்தால ராவு.

நெடி மூக்கைத் துளைக்கும், மூஞ்சியக் கிட்டக் கொண்டு போகாதே. பருத்தித் துணியில மட்டும் சிந்திராதே, தோலைச் சுட்டுரும். எப்படித் தெரியும்னு கேக்காதே. அந்த வேட்டி இப்போ கரித்துணியாக் கெடக்கு.

லாக்கு தானா ஒடியலடா. உள்ள இருக்குற ரப்பர் வளையம் வெயில்லயும் இஞ்சின் சூட்டுலயும் இறுகிப் போச்சு. நீ அதைச் சல்லிக்கட்டுக் காளைகிட்ட மல்லுக்கட்டுற மாதிரி இழுத்திருப்பே. புது ரப்பர் கொஞ்சக் காசுதான். மாட்டும்போது சோப்புத் தண்ணி தடவி உள்ளங்கையால அமுக்கு. நல்ல பாம்பு புத்துக்குள்ள போற மாதிரி போகும்.

என்ன, கண்ணு பிரேக் லீவர் பக்கம் போகுது? அதுலயும் கீறல் இருக்கோ? பசை போட்டு ஒட்டலாமான்னுதானே யோசிக்கே? ஒட்டு, நல்லா ஒட்டு; எமன் வீட்டுக்கு வழி கேக்க வேண்டியதில்ல. பிரேக்கு, ஹேண்டில்பாரு, சக்கரம்னு உசுரு தொங்குற சாமானுக்குப் பசையோட போனே, நீ போட்ட காசுக்கு மாவுக்கட்டுதான் மிஞ்சும். அதைக் கடையில புதுசா வாங்கு, கஞ்சத்தனம் பண்ணாதே.

மீந்த பசையத் தூக்கி எறிஞ்சிராதே. பாட்டி கண்ணாடிக் கால் ஒடிஞ்சு ஒரு வாரமாச்சு. பூனை தட்டிவிட்டுருச்சுன்னு சொல்லி வச்சிருக்கேன். நீயும் பூனைன்னே சொல்லு.