கம்ப்ரசர் போயி, சாரே!

சித்திரை வெயிலில் ஏசி நின்றுபோனால் வருவாரே, அவர்தான். இடுப்பில் கிளாம்ப் மீட்டர், பின்னால் ஒரு பையன். ஏணி ஏறுவது பையன், திட்டு வாங்குவது பையன். தீர்ப்பு மட்டும் அவருடையது.

அவுட்டோர் யூனிட்டின் தலையில் உள்ளங்கையை வைப்பார். கண் மூடும். நாடி வைத்தியர்கூட மூன்று விரலோடு நிறுத்திக்கொள்வார். இவருக்கு முழுக்கை வேண்டும். "கம்ப்ரசர் போயி, சாரே."

தண்ணீர் சொட்டுகிறதா? வடிகுழாய் அடைப்பு என்று பையனுக்கே தெரியும். அவன் வாயெடுப்பதற்குள், கம்ப்ரசர். வலியசாலை மாமி ஒருத்திக்கு ரிமோட்டில் பேட்டரி தீர்ந்திருந்தது. அதற்கும் கை வைத்தார், அதே தீர்ப்பு. மாமி கடிகாரத்திலிருந்து பேட்டரியைக் கழற்றிப் போட்டாள், குளிர் வந்தது. மனிதர் அசரவில்லை. "இப்ப ஓடும் மாமீ. பட்சே, அதிகம் நாள் போகாது." 2024 மே மாதம் கேரளத்தின் உச்ச மின்தேவை 5,700 மெகாவாட்டைத் தாண்டியது. அந்த இரவுகளில் வோல்டேஜ் இறங்கி ஏசியெல்லாம் முனகியபோது, தெரு முழுவதற்குமே கம்ப்ரசர் மாற்றச் சொன்னார்.

"அண்ணா, மீட்டர் வெச்சு ஒருதடவை பார்க்கப்படாதா?"

"எதுக்கு சாரே? கை சொல்லுதே." சாலைக் கம்போளக் கடைவீதியில் பழகிய தமிழ்.

இன்வெர்ட்டர் இல்லாத பழைய ஏசியின் கம்ப்ரசருக்கு மூன்றே முனைகள்: காமன், ஸ்டார்ட், ரன். வயரைக் கழற்றி ஓம் பார்த்தால், காமன்–ஸ்டார்ட்டையும் காமன்–ரன்னையும் கூட்டினால் வருவது ஸ்டார்ட்–ரன் அளவாக இருக்க வேண்டும். பாடிக்கு எதுவும் காட்டக் கூடாது. இது சரி என்றால் அடுத்த சந்தேகம் கெப்பாசிட்டர் மேல்தான். பல நேரம் அது தலை உப்பிக் கிடக்கும். சில நூறு ரூபாய்ச் சாமான். கம்ப்ரசரோ பல ஆயிரம்.

நிஜமாகவே அது போவதும் உண்டு. சங்குமுகம் பக்கத்து உப்புக்காற்று காயிலை அரிக்கும், கேஸ் கசியும், குளிர்விக்கக் கேஸ் இல்லாமல் ஓடி ஓடிக் கம்ப்ரசர் கருகும். அன்றைக்கு இவரைப் பார்க்க வேண்டும். செம்புக்குழாயில் ஜுவாலையைச் சுற்றிச் சுற்றிக் காட்டி, சரியான சிவப்பு வந்ததும் ராடைத் தொடுவார். அது உருகி இணைப்பைச் சுற்றி மோதிரமாய் ஓடும். ஒரு சொட்டு வழியாது. அந்தக் கைக்குக் கோயில் கட்டலாம்.

கட்டியிருப்பேன், வேக்குவம் பம்ப் கொண்டுவந்திருந்தால். கொஞ்சம் கேஸைத் திறந்துவிட்டுக் காற்றைத் தள்ளினால் போதுமாம். குழாயில் தங்கிய ஈரம் எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகிப் புதுசையும் தின்னும் என்றேன். ஃபில்டர் டிரையரையாவது மாற்றச் சொன்னேன். "அதொக்க மதி சாரே."

போகட்டும். பழைய கம்ப்ரசரைக் கேட்காமலே ஸ்கூட்டரில் ஏற்றுகிறாரே, அதற்குள் இருக்கும் செம்புச் சுற்று யார் காசு? எடைக்குப் போட்டால் வருவதை பில்லில் கழியுங்கள் என்றால், பையனைப் பார்த்து முறைக்கிறார்.