கெந்திங் கண்ட தம்பதி

பாடிக்கும் அம்பத்தூர் எஸ்டேட்டுக்கும் நடுவில், எம்.டி.எச். ரோட்டின் புழுதியையும் லாரிகளின் ஹாரன் சத்தத்தையும் ஜாதி மத பேதமின்றிப் பங்கிட்டுக்கொண்டு வாழும் மண்ணூர்பேட்டையில், எந்தத் தெருவில் நுழைந்தாலும் 'போய் வந்தவர்கள்' என்ற கீர்த்தி பெற்ற தம்பதி ஒன்றைச் சந்திக்கலாம். காசிக்கோ ராமேசுவரத்துக்கோ போய் வந்தவர்கள் என்று எண்ணிவிடக் கூடாது. அதையெல்லாம் இந்நாளில் யாரும் நின்று கேட்பதில்லை. இவர்கள் மலேசியாவின் கெந்திங் மலைக்குச் சென்று, அங்கே சூதாட்ட மாளிகைக்குள் காலெடுத்து வைத்து, வைத்த காலை முழுசாகத் திருப்பிக் கொண்டுவந்தவர்கள்.

கணவர் எஸ்டேட்டில் ஓர் இயந்திரத் தொழிற்சாலையில் தரப் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். மயிரிழை பிசகிய உருப்படியைக்கூடத் தள்ளிவிட்டுப் பழகியவராதலால், வீட்டில் வைக்கும் சாம்பார் முதல் அரசாங்கத்தின் பட்ஜெட் வரையில் அவரிடம் தேறியது எதுவும் கிடையாது. அவருடைய சூதாட்ட சரித்திரம் மிகவும் சுருக்கமானது: 2003 ஜனவரியில் தமிழ்நாட்டில் லாட்டரிச் சீட்டுக்குத் தடை வரும் வரையில், சம்பளத்தன்று ஒரு சீட்டு வாங்கிச் சட்டைப்பையில் பத்திரப்படுத்தி, சட்டையோடு அதையும் துவைக்கப் போட்டு வந்தார். அம்மாளோ, சூது என்ற சொல் காதில் விழுந்தாலே முகத்தைச் சுளிக்கும் உத்தமி. ஏலச்சீட்டு இரண்டு, தீபாவளிச் சீட்டு ஒன்று, நகைச்சீட்டு ஒன்று, இவற்றுக்கு அப்பால் எந்தப் பாவமும் அறியாதவர்.

சிங்கப்பூர்-மலேசியா பேக்கேஜில்தான் இந்தப் பிரயாணம் நிகழ்கிறது. சிங்கப்பூரில், 2010-இல் திறக்கப்பட்டு மூன்று கோபுரங்களின் தலையில் ஒரு கப்பலைச் சுமந்து நிற்கும் மரீனா பே சாண்ட்ஸை வெளியிலிருந்து பார்த்தபோதே பரிசோதகருக்கு ஒரு சந்தேகம் உண்டாயிற்று. உள்ளே இருக்கும் காசினோவுக்குச் சிங்கப்பூர்ப் பிரஜையானால் ஒரு நாளைக்கு 150 வெள்ளி கட்ட வேண்டுமாம், வெளிநாட்டாருக்கு இலவசமாம். மாமல்லபுரத்தில் நமக்கு 40 ரூபாயும் வெள்ளைக்காரருக்கு 600 ரூபாயும் வசூலிக்கிறார்களே, இவர்கள் தலைகீழாகச் செய்கிறார்களே என்று அவர் வெகுநேரம் யோசித்து, "சும்மா விடறான்னா உள்ளே வெச்சுக் கறக்கப் போறான்னு அர்த்தம்" என்று தீர்ப்புக் கூறிவிட்டுப் பஸ் ஏறிவிட்டார்.

மலேசியாவில் காலைப்பொழுது பத்துமலைக்குப் போயிற்று. 140 அடி உயரத்தில் தங்க வர்ணத்தில் நிற்கும் முருகப்பெருமானை அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டு சேவித்து, 272 படிகளையும் ஏறி இறங்கி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அந்த விபூதி நெற்றியில் அழியுமுன்பே பஸ் கெந்திங் அடிவாரத்தை அடைந்துவிட்டது. ஒரே நாளில் கந்தனையும் காசினோவையும் தரிசிக்க ஏற்பாடு செய்யும் பேக்கேஜ்காரர்களின் சமரச மனோபாவத்தை நாம் மெச்சியே ஆக வேண்டும்.

கேமரன் மலையின் குளிரில் 1964-இல் நீர்மின் திட்ட வேலை பார்த்துக்கொண்டிருந்த லிம் கோ தோங் என்ற சீனக் கான்டிராக்டர், இதே குளிர் கோலாலம்பூருக்குப் பக்கத்தில் கிடைத்தால் எப்படியிருக்கும் என்று நினைத்ததன் விளைவே கெந்திங். காட்டை வெட்டிச் சாலை போட்டு, 1971-இல் முதல் ஓட்டலைத் திறந்தார். இன்று ஆறாயிரம் அடி உயரத்தில் மேகங்களுக்கு நடுவே 7,351 அறைகள் கொண்ட ஓட்டல் ஒன்று வர்ணம் பூசிக்கொண்டு நிற்கிறது. "அத்தனை ரூமுக்கும் தினம் யாருங்க பெட்ஷீட் மாத்தறது?" என்பதே அதைக் கண்டு அம்மாள் வெளியிட்ட முதல் அபிப்பிராயம்.

குரங்குக் குல்லா அணிந்த பரிசோதகர், காசினோ வாசலில் மிகுந்த கௌரவத்துடன் அதைக் கழற்றிப் பையில் செருகிக்கொண்டார். உள்ளே போட்டோ எடுக்கக் கூடாது என்று காவலர் சொன்னதும் அம்மாளின் முகம் வாடிவிட்டது. போட்டோ இல்லாமல் ஒரு ஊருக்குப் போய் வந்ததை நாத்தனார் எந்தக் காலத்தில் நம்பியிருக்கிறாள்? பரிசோதகரோ, ஆயுள் முழுவதும் ஷிப்டு சங்குக்குக் கட்டுப்பட்டு வாழ்ந்தவராகையால், சுவரெல்லாம் கடிகாரத்தைத் தேடினார். கடிகாரமும் இல்லை, ஜன்னலும் இல்லை. பகலா இரவா என்று தெரியாத அந்த வெளிச்சத்தில் சீனத்துப் பாட்டிமார்கள், பூஜையில் உட்கார்ந்தாற்போல் அசையாமல் இயந்திரங்களின் எதிரே வீற்றிருந்தார்கள்.

ரூலெட் மேஜையருகே நின்று பரிசோதகர் மனைவிக்குப் பாடம் நடத்தினார். சக்கரத்தில் சுழியத்தையும் சேர்த்து 37 குழி. ஜெயித்தால் தருவதோ 35 மடங்கு. போட்ட பணத்தையும் சேர்த்து 36 தான் கைக்கு வரும். ஆகவே நூற்றுக்கு ஏறக்குறைய 2.7 அவர்களுக்கு நின்றுவிடும். அம்மாள் கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

"நூத்துக்கு மூணு ரூபாகூட இல்லையா? நம்ம சீட்டுக் கம்பெனியிலே ஏழு ரூபா கமிஷன் எடுக்கறாங்களே! இவங்க ரொம்ப நல்லவங்களா இருக்காங்களேங்க."

ஐந்தாக இருந்த அந்தக் கமிஷனின் உச்சவரம்பு 2019-இல் ஏழாக்கப்பட்டது உண்மைதான். எனவே சட்டப்படி அவருக்குப் பதில் சொல்ல இயலவில்லை. சீட்டில் மாதம் ஒரு முறை எடுப்பதை இங்கே நிமிஷத்துக்கு ஒரு முறை எடுக்கிறார்கள் என்ற சரியான விடை அவருக்கு அன்றிரவு பஸ்ஸில் தூக்கம் கலைந்தபோதுதான் உதித்தது.

கணக்கெல்லாம் தெரிந்த அவரே பிறகு ஐம்பது ரிங்கிட்டுக்குச் சில்லு வாங்கி, காலையில் கண்ட ஆறுமுகனை உத்தேசித்து, மொத்தத்தையும் ஆறாம் எண்ணில் வைத்தார். பந்து சுற்றிச் சுற்றி வந்து, மண்ணூர்பேட்டையில் சனியின் எண் என்று வண்டி நம்பருக்குக்கூட யாரும் வாங்காத எட்டில் போய் விழுந்தது. ஏறத்தாழ ஆயிரம் ரூபாய்!

அம்மாளின் வழி வேறு. பாட்டி ஒருத்தி அலுத்துப்போய் எழுந்த ஸ்லாட் மெஷினில் சட்டென்று இடம் பிடித்தார். ஒவ்வொரு அழுத்தலும் தனித்தனி, முன்னே நடந்தது அதற்குத் தெரியாது என்று கணவர் எவ்வளவோ எடுத்துச் சொல்லியும், "இவ்வளவு நேரம் முழுங்கிச்சே, இனிமே கக்கித்தானே ஆகணும்" என்ற சித்தாந்தத்தின்மேல் பத்து ரிங்கிட் நோட்டைச் செலுத்தி, கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினார். சினிமாவில் பார்த்ததுபோல் சில்லறை கொட்டும் காலம் மலையேறிவிட்டபடியால், மெஷின் சில்லறையின் சத்தத்தை மட்டும் எழுப்பிவிட்டு ஒரு துண்டுச் சீட்டை நீட்டிற்று. தொண்ணூறு ரிங்கிட்! உலகத்துச் சூதாடிகள் எவராலும் ஆகாத காரியத்தை அம்மாள் அப்போது செய்தார்: "போதும், எழுந்திருங்க, பஸ் போயிடும்" என்று சொல்லி வெளியே நடந்தார்.

ஊர் திரும்பிய பிற்பாடுதான் இந்தப் பிரயாணத்தின் முக்கியமான பகுதி ஆரம்பமாகிறது. வியாழக்கிழமைகளில் திருவலிதாயம் குரு பகவான் சந்நிதியில் தோழிகளிடம் அம்மாள் பத்துமலைப் படிகளைப் பற்றி விஸ்தாரமாகப் பேசுவார். கெந்திங்கில் குளிர் அதிகம் என்பதோடு நிறுத்திக்கொள்வார். கைமாற்றுக் கேட்கக்கூடிய உறவினர் யாரேனும் துருவினால் தொண்ணூறு நாற்பதாகிப் பிறகு 'காபிச் செலவுக்குச் சரியாப் போச்சு' என்று ஆகிவிடும். டீக்கடை பெஞ்சில் கணவருடைய கணக்கோ எதிர்த் திசையில் வளர்கிறது. ஐம்பது ரிங்கிட்டைத் தோற்றவனை யார் மதிப்பார்கள்? போட்டோ ஆதாரம் இல்லாதது இங்கே அவருக்குப் பெரும் சகாயம். பொங்கலுக்கு இருநூறாக இருந்த நஷ்டம் ஆடிக்குள் ஐந்நூறாகி, அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் சொத்தையெல்லாம் கோட்டைவிட்ட ஜமீன்தாரின் களை வந்துவிடுகிறது.

இதற்கும் ஒரு சத்துரு உண்டு: மகன் கலிபோர்னியாவில் இருப்பதால் லாஸ் வேகாஸையே பார்த்துவிட்டு வந்த பக்கத்துத் தெருக்காரர்.

"கெந்திங்கா? வேகாஸ்ல அம்பதடிக்கு ஒரு காசினோ சார். பாரிஸ் ஈபிள் டவரையே பாதி சைஸ்ல கட்டி வெச்சிருக்கான்."

பெஞ்சு முழுவதும் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது. பரிசோதகர் அவசரப்படாமல் டீயை ஓர் உறிஞ்சு உறிஞ்சி, கண்ணாடித் தம்ளரைக் கீழே வைத்தார்.

"இருக்கட்டும் சார். நூத்தி நாப்பது அடியிலே முருகன் இருக்காரா?"