குட்டிக்கு ஜாதகம்

மாட்டுங்கா மாமா பீகிள் குட்டி வாங்கக் கிளம்பினால் அது பெண் பார்க்கும் படலம்தான். கென்னல் கிளப் ஆஃப் இந்தியா சான்றிதழில் பாட்டன், பாட்டி பெயரைத் தேடுவார். காதை இழுத்து மூக்கு நுனிவரை வருகிறதா என்று அளப்பார். வால் நுனி வெள்ளைதானே?

நாய் வளர்ப்பு, விற்பனைக்கான 2017 மத்திய விதிகள் சொல்வதை மட்டும் கேட்க மாட்டார்: வளர்ப்பவர் மாநில விலங்குநல வாரியத்தில் பதிந்தவரா, குட்டிக்கு எட்டு வாரம் முடிந்ததா, மைக்ரோசிப் உண்டா. தாய் நாயைக் காட்டச் சொன்னால், "அது செம்பூர்ல இருக்கு சார்" என்பார் விற்பவர். செம்பூரில் விசாரித்தால் தாராவியில் இருக்கும்.

"ரொம்பக் குரைக்காதோன்னோ?" இது மாமி.

"சேச்சே, வாயே திறக்காது மாமி!"

முயல் வேட்டைக்கென்றே உருவாக்கிய இனம். மோப்பம் பிடித்தால் ஊளையிட்டு ஊரைக் கூட்டுவதுதான் அதன் உத்தியோகம். ஒற்றைப் படுக்கையறை ஃபிளாட்டில் முயலுக்கு எங்கே போவது? எதிர் வீட்டு ரசம் கொதித்தால் போதும், நாலு மாடிக்கும் கேட்கும். சொசைட்டிச் செயலாளர் வந்து நிற்பார். நாய் வளர்க்கத் தடை போட சொசைட்டிக்கு அதிகாரமில்லை என்ற விலங்குநல வாரியச் சுற்றறிக்கையை மாமா வரி பிசகாமல் ஒப்பிப்பார். அதை மட்டும் படித்திருக்கிறார்.