பென்ஷனும் பெஞ்சும்

கேள்வி: உத்தியோகத்திலிருந்து ஓய்வுபெற்ற பெரியவர்கள் மறுபடியும் கலாசாலைக்குப் போய் உட்காருகிறார்களாமே, எதற்கு?

பதில்: வீட்டிலுள்ளோரின் நிம்மதியை உத்தேசித்துத்தான் என்று சொல்லி அடுத்த கேள்விக்குப் போய்விடலாம். ஆயினும், 1973-இல் பிரான்சு தேசத்துத் துலூஸ் நகரில் பியேர் வெல்லாஸ் என்ற பேராசிரியர் முதியோருக்கென்றே சர்வகலாசாலை வகுப்புகளைத் தொடங்கிவைக்க, பின்னர் அதைச் சுவீகரித்துக்கொண்ட ஆங்கிலேயர், பரீட்சையையும் பட்டத்தையும் அறவே நீக்கி (நம் பிள்ளைகளுக்குக் கிட்டாத பாக்கியம்!), அங்கத்தினரே ஒருவருக்கொருவர் உபாத்தியாயராகவும் மாணாக்கராகவும் அமரும்படி செய்துவிட்டதால், காலையில் வானசாஸ்திரம் போதித்த தாத்தா மாலையில் சித்திர வகுப்பில் திட்டு வாங்கலாம் என்ற சமத்துவம் அங்கே நிலவுகிறது.

கெனியா தேசத்துக் கிமானி மாருகேயின் காரியமோ இன்னும் விசேஷம். அரசாங்கம் ஆரம்பக் கல்வியை இலவசமாக்கிய பிறகு, 2004-இல், தமது 84-ஆம் பிராயத்தில், அரைக்கால் சட்டையும் நீண்ட காலுறையுமாக முதல் வகுப்பில் போய் உட்கார்ந்த அம்மனிதர், பாதிரியார் பிரசங்கிப்பதெல்லாம் மெய்யாகவே பைபிளில் இருக்கிறதா என்று தாமே வாசித்துப் பார்க்க வேண்டும் என்பதையும் ஒரு காரணமாகச் சொன்னார். அதே பள்ளியில் அவருடைய பேரப்பிள்ளைகள் மேல்வகுப்பில் படித்துக்கொண்டிருந்தார்கள். வீட்டுப்பாடத்தில் சந்தேகம் வந்தால் யார் யாரைக் கேட்டிருப்பார்கள் என்பதைத் தங்கள் ஊகத்துக்கே விடுகிறேன்.