பதினோராம் பருவம்: பாபநாசப் படித்துறையை முன்வைத்து ஓர் ஆய்வு

பிள்ளைத்தமிழுக்குப் பருவம் பத்து. காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி ஆகிய ஏழும் ஆண் பிள்ளைக்கும் பெண் பிள்ளைக்கும் பொது. கடைசி மூன்று மட்டும் மாறும். இந்தப் பத்தில் எதிலும் பெற்றவர்களுக்கு மூச்சு வாங்கியதாகப் பதிவில்லை. அந்தக் குறையை நீக்குவதே இவ்வாய்வின் நோக்கம்.

குறைக்குக் காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டாம். தாமிரபரணிக் கரையில் பிறந்த பெரும்புலவர்கள் இருவர்: ஸ்ரீவைகுண்டத்துக் குமரகுருபரர், பாபநாசத்தை ஒட்டிய விக்கிரமசிங்கபுரத்துச் சிவஞான முனிவர். ஆளுக்கு இரண்டு பிள்ளைத்தமிழ் பாடியிருக்கிறார்கள். இருவரும் துறவிகள். நடக்கத் தொடங்கிய பிள்ளையின் பின்னால் சோற்றுக் கிண்ணத்தோடு ஓடும் நிர்ப்பந்தம் அவர்களுக்கு நேரவில்லை.

சிவஞான முனிவரோ ஐந்து வயதிலேயே, ஊருக்கு வந்த தம்பிரான்களோடு வீட்டை விட்டுக் கிளம்பிவிட்டவர் என்று அவர் வரலாறு சொல்கிறது. அவருடைய தாயார் மயிலம்மை பாடியிருந்தால் பதினோராம் பருவம் அப்போதே கிடைத்திருக்கும்.

சிக்கல் ஆறாவதான வருகையில் இருக்கிறது. ஓராண்டு நிறையும் வாக்கில் பிள்ளையை ‘வருக, வருக’ என்று அழைக்கும் பருவம் அது. கால அளவில் புலவர்கள் தவறவில்லை. 2006இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட அளவுகோல்படி, குழந்தை தனியே நடப்பது 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதத்துக்குள், சராசரி ஏறத்தாழ 12 மாதம். தவறியது திசையில்தான். பிள்ளை வருவதில்லை; போகிறது.

ஐயமுள்ளோர் பாபநாசநாதர் கோயிலுக்கு எதிரே உள்ள படித்துறைக்கு வரலாம். கீழே ஆற்றில் பொரிக்குக் கூடும் மீன்கள், மேலே குரங்குகள், நடுவே ஈரப் படிகள். இடுப்பிலிருந்து இறக்கிவிட்ட மறுகணம் பிள்ளை மீனை நோக்கி நடக்கும். “ஏட்டி, பிள்ளையப் பிடி! தண்ணிக்குள்ள எறங்குதான்!” என்று ஆச்சி போடும் சத்தமே பதினோராம் பருவத்தின் முதற்பாட்டு.

வேகத்தையும் அளந்திருக்கிறார்கள். நியூயார்க் பல்கலைக்கழகத்தின் கேரன் அடால்ஃப் குழுவினர் 2012இல் வெளியிட்ட ஆய்வின்படி, 12 முதல் 19 மாதக் குழந்தைகள் மணிக்குச் சராசரியாக 2,368 அடி எடுத்துவைக்கின்றன. 701 மீட்டர் கடக்கின்றன. 17 முறை விழுகின்றன. ஆறு மணி நேரம் இப்படி நடமாடினால் நாலு கிலோமீட்டருக்கு மேல், நூறு விழுகை. தூக்கிவிடக் குனியும் இடுப்பு எத்தனை முறை வலித்தது என்பது கணக்கில் சேரவில்லை.

நம் முன்னோர் கருவி இல்லாமல் இதைச் சமாளிக்கவில்லை. காலில் கட்டும் கொலுசு பிள்ளை எந்த அறையில் இருக்கிறது என்று சொல்லும். சத்தம் நின்றால் அரிசிப் பானை கவிழ்கிறது என்று பொருள். அருணாக்கயிறு, சட்டை போடாத பிள்ளையைக் கடைசி நொடியில் பிடித்து நிறுத்த உடம்பில் இருக்கும் ஒரே பிடி.

அம்புலிப் பருவத்தில் நிலாவை விளையாட அழைக்கச் சாமம், தானம், பேதம், தண்டம் என நான்கு உபாயமும் உண்டு. படித்துறையில் அவை நிலாவை விட்டுப் பிள்ளை மேல் பாய்கின்றன. “என் ராசால்லா” என்பது சாமம். ஒரு கை பொரி தானம். “அந்த அக்கா எப்படிச் சமத்தா இருக்கா பாரு” என்பது பேதம். “குரங்கு தூக்கிட்டுப் போயிரும்” என்பது தண்டம். நான்காவது உபாயம் பாபநாசத்தில் எடுபடாது. குரங்கு அங்கேயே உட்கார்ந்திருப்பதால் பிள்ளை அதைப் பார்க்கக் கிளம்பிவிடும்.

ஆனாலும் வருகைப் பருவத்தை அடியோடு தள்ளிவிட முடியாது. தவழும் பிள்ளை கைக்கு எட்டியதைக் காட்டும். நடக்கும் பிள்ளை தொலைவில் கிடப்பதை எடுத்து, அம்மாவிடம் கொண்டுவந்து நீட்டும் என்பதையும் அதே பல்கலைக்கழகத்தார் 2011இல் எழுதியிருக்கிறார்கள். படித்துறையிலும் அப்படித்தான். போன பிள்ளை தானாகவே திரும்பியது. இரண்டு முறை உட்கார்ந்து எழுந்து, வாய் நிறையச் சிரிப்போடு, யாரோ குளிக்க வைத்திருந்த சோப்பு டப்பாவைத் தாயின் மடியில் போட்டது. தாய்க்குக் கொஞ்சி முடியவில்லை. டப்பாவுக்கு உரியவரைத் தேடித் தகப்பனார் படியிறங்கினார். அவர் திரும்புவதற்குள் ஆய்வுப்பொருள் ஒருவருடைய துண்டோடு வந்துகொண்டிருந்தது.