கரண்ட் வைக்கிற மெஷின் நின்றால்: ஒரகடத்து மெயின்டனன்ஸ் ஆள் தரும் ஆலோசனைகள்

ஒரகடம் டீக்கடையில் ‘மெஷின் நின்னுபோச்சு’ என்று ஒருவன் வாயைத் திறந்தால் போதும், டம்ளரைக் கீழே வைப்பதற்குள் நாலு பேர் வைத்தியம் சொல்லிவிடுவார்கள். சென்சாரைத் துடை. ஆஃப் பண்ணி ஆன் பண்ணு. கதவு சுவிட்சில் ஒரு காந்தத்தை ஒட்டு, கதவு மூடித்தான் இருக்கிறதென்று மெஷின் நம்பிக்கொள்ளும். பிரஸ் ஷாப்பில் 17 வருடமாகக் குப்பை கொட்டுகிற எனக்கு இந்த வித்தையெல்லாம் அத்துப்படி.

போன வருடம் பெரியம்மாவுக்கு நாக்கில் புற்றுநோய். 33 நாள் கரண்ட் வைக்க வேண்டும் என்றார்கள். (ரேடியேஷன் என்று நம் பக்கத்தில் யார் சொல்கிறார்கள்?) பதினோராம் நாள் அந்த மெஷினும் நின்றது. காத்திருந்த கூட்டத்துக்கு அன்று நான் இலவசமாக வழங்கிய ஆலோசனைகளைக் கொஞ்சம் விரித்து இங்கே தருகிறேன். ஒரகடம் சிப்காட்டில் 350 ஏக்கரில் மருத்துவக் கருவிப் பூங்கா வேறு வருகிறது. சரக்கோடு சேர்த்து நம் பழக்கமும் ஏற்றுமதியாகட்டும்.

முதல் விதி: திரையில் எர்ரர் வந்தால் படிக்காதீர்கள், தட்டி அனுப்பிவிடுங்கள். இதற்கு உலகப் புகழ்பெற்ற முன்னோடி உண்டு. கனடாவின் ஏஇசிஎல் நிறுவனம் தயாரித்த தெராக்-25 என்ற கரண்ட் வைக்கிற மெஷின். 1986 மார்ச்சில், டெக்சாஸில் டைலர் என்ற ஊர். கைவேகமுள்ள ஆபரேட்டர் ஒருவர் எலக்ட்ரானுக்கு ‘ஈ’ அடிக்க வேண்டிய இடத்தில் எக்ஸ்ரேக்கான ‘எக்ஸ்’ஸை அடித்துவிட்டார். உடனே மேலே போய்த் திருத்திவிட்டு மளமளவென்று என்டர் தட்டி இறங்கினார். உள்ளே காந்தங்கள் தயாராக எட்டு நொடி ஆகும். அதற்குள் முடிந்த திருத்தத்தை மென்பொருள் கவனிக்கவே இல்லை. ‘மால்ஃபங்ஷன் 54’ என்றது திரை. அந்த எண்ணுக்கு என்ன அர்த்தமென்று ஆபரேட்டரின் கையேட்டில் ஒரு வரி கிடையாது. டோஸ் குறைவாகப் போயிருக்கிறது என்று வேறு காட்டியது. அடிக்கடி ஏதாவது சொல்லி நிற்கிற மெஷின்தானே என்று ‘பி’ பொத்தானைத் தட்டினார்: மேலே நடக்கட்டும்.

உள்ளே படுத்திருந்தவருக்கு முதல் அடி முதுகில் விழுந்தது. எழப் பார்த்தார், இரண்டாவது கையில். 180 ராட் கதிர்வீச்சு போக வேண்டிய இடத்தில் 16,500 முதல் 25,000 ராட் வரை போயிருக்கும் என்று பிறகு கணக்குப் போட்டார்கள். அன்றைக்கென்று பார்த்து அறைக்குள்ளிருந்த கேமராவுக்கு இணைப்பு இல்லை, பேசுகிற கருவியும் பழுது. மனுஷன் இறங்கி வந்து கதவை இடித்துத்தான் விஷயம் வெளியே தெரிந்தது. கேமரா, மைக் எல்லாம் சில்லறை ஐட்டம், அடுத்த சர்வீஸில் பார்த்துக்கொள்ளலாம் என்பது நம் ஊர் வழக்கம் மட்டுமில்லை.

கம்பெனி ஆட்கள் வந்து குடைந்தார்கள். ‘நாங்க பாக்கறப்போ நல்லாத்தானே ஓடுது’ ரகம். ஏப்ரல் 7 அன்று மெஷின் மறுபடி ஓடியது, ஏப்ரல் 11 அன்று இன்னொருவருக்கு அதே 54. அதன்பின் ஆஸ்பத்திரி இயற்பியலாளர் ஃபிரிட்ஸ் ஹேகர் அந்த ஆபரேட்டரைப் பக்கத்தில் உட்கார வைத்துத் திரும்பத் திரும்ப அடிக்கச் சொல்லி, வேகமாக அடித்தால்தான் கோளாறு வருகிறது என்று கண்டுபிடித்தார். சர்வீஸுக்கு வருகிறவன் நிதானமாக அடிப்பான். தினம் ஓட்டுகிறவன் அப்படியா அடிப்பான்?

ஃபியூஸ் அடிக்கடி போனால் ஃபியூஸைத் திட்டுங்கள். இதே பிழை பழைய தெராக்-20 மாடலிலும் இருந்தது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் புது மாணவர்கள் கைவைக்கும் பருவத்தில் ஃபியூஸ் பட்பட்டென்று போகும், அவ்வளவுதான். அதில் தப்பு நடந்தால் மெஷினை நிறுத்திவிட, கம்பியும் ரிலேயுமாகத் தனி இன்டர்லாக் இருந்ததால் ஒருத்தருக்கும் அடிபடவில்லை. 25-இல் எல்லாவற்றையும் மென்பொருளே பார்த்துக்கொள்ளும் என்று அதை எடுத்துவிட்டார்கள். 1985 ஜூன் முதல் 1987 ஜனவரி வரை ஆறு விபத்து.

முள் அசையவில்லையா? முள் ஒட்டிக்கொண்டது என்று சொல்லிவிடுங்கள். 1990 டிசம்பரில் ஸ்பெயினின் சரகோசாவில் ரிப்பேர் முடிந்து வந்த மெஷின், எந்த ஆற்றலை வைத்தாலும் 36 என்றே காட்டியது. மீட்டர் கெட்டுவிட்டது என்று நினைத்து ஓட்டினார்கள். கெட்டது மீட்டர் இல்லை. பத்து நாளில் 27 நோயாளிகள் அதிகக் கதிர்வீச்சு வாங்கினார்கள், பலர் இறந்தார்கள்.

கரண்ட் கட் ஆகித் திரும்பி வந்தால் விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். 2001 பிப்ரவரியில் போலந்தின் பியாவிஸ்டாக் நகரில் அப்படித்தான் தொடர்ந்தார்கள். டோஸ் அளக்கும் சுற்றின் ஃபியூஸ் போயிருந்தது. அதைப் பார்த்து மெஷினை நிறுத்த வேண்டிய இன்டர்லாக்கில் ஒரு டயோடும் போயிருந்தது. எரிகிறது என்று நோயாளிகள் சொன்ன பிறகுதான் நிறுத்தினார்கள். ஐந்து பேருக்குக் காயம். டயோடு என்ன விலை என்று நம் ரிச்சி தெருவில் கேட்டுப் பாருங்கள்.

கோபால்ட் மெஷின் என்றால் பிளக்கைப் பிடுங்கியும் பிரயோஜனமில்லை, கதிரியக்க மூலம் உள்ளே கதிர்விட்டுக்கொண்டேதான் இருக்கும். வெளியே வந்த மூலம் திரும்பிப் போகாமல் மாட்டிக்கொண்டால் தள்ளிவிட ‘டி’ வடிவக் கம்பி ஒன்று வைத்திருப்பார்கள். அது எங்கே இருக்கிறதென்று மறந்துவிடுவது மரபு.

கடைசியாக, ‘நாளைக்கு வாங்க’ என்றால் வாயை மூடிக்கொண்டு பஸ் ஏறுங்கள். தலை, கழுத்துப் புற்றுநோயில் சிகிச்சை ஒரு நாள் தள்ளிப்போனால் கட்டி அடங்கும் வாய்ப்பு சுமார் ஒரு சதவீதம் குறையும் என்பதையோ, விட்ட நாளை சனிக்கிழமை வைத்தோ, ஆறு மணி நேர இடைவெளியில் ஒரே நாளில் இரண்டு முறை வைத்தோ ஈடுகட்டலாம் என்பதையோ டாக்டரிடம் கேட்டுத் தொலைக்காதீர்கள். நம் கம்பெனியில் லைன் அரை மணி நின்றால் பிளான்ட் ஹெட் வரை போன் பறக்கும், ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் போட்டு எண்ணிக்கையைச் சரிக்கட்டுவோம். அது கார் கதவு, இது வெறும் நாக்கு.

பெரியம்மாவின் மெஷினில் போயிருந்தது ஒரு மோட்டார். கதிரை வடிவம் வெட்டச் சீப்புப் பல் மாதிரி டங்ஸ்டன் தகடுகள் இருக்கின்றன, அதில் ஒரு பல்லை நகர்த்துவது. பென்சில் தடிமன்தான். இரண்டாம் நாள் மதியம் மாற்றிவிட்டார்கள். ஆனாலும் இயற்பியலாளர் பையன் ஆளை ஏற்றவில்லை. மேஜைமேல் பிளாஸ்டிக் பலகைகளை அடுக்கி, நடுத்துளையில் விரலளவு கருவியைச் செருகி, கதவைச் சாத்தி, ஓட்டி, நோட்டில் எழுதி, மறுபடி ஓட்டிக்கொண்டிருந்தான். ‘மாத்தியாச்சுல்ல தம்பி, ஓட்ட வேண்டியதுதானே’ என்று கூட்டத்தின் சார்பில் நான்தான் சத்தம் போட்டேன்.

மடியில் முகமூடி அச்சை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பெரியம்மா என் சட்டையை இழுத்தாள். வாயெல்லாம் புண், பேச்சு குழறியது.

“உங்க கம்பெனில மெஷின் நின்னா உன்னத்தானடா திட்டுவாங்க? அந்தப் புள்ளைய நீ எதுக்குத் திட்டுற?”

மறுநாள் முதல் ஷிப்டில், மூன்றாம் நம்பர் பிரஸ்ஸின் கதவு சுவிட்சில் நான் ஒட்டி வைத்திருந்த காந்தத்தைப் பெயர்த்து எடுத்தேன். பத்தரை மணிக்கு புரொடக்‌ஷனிலிருந்து போன்.

“அண்ணே, மெஷினு சும்மா சும்மா நிக்குது. வந்து என்னன்னு பாருங்க.”